இரண்டு லிட்டரும் விமான நிலைய வாசலும்

தில்லி வாழ் தமிழ்க் குடும்பங்களில் இன்று சிங்கப்பூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ ஒரு பிள்ளையாவது இல்லாத குடும்பம் குறைவு. எங்கள் மோதி பாக் வட்டாரத்தில் கேட்கவே வேண்டாம். போகிறவர்களும் வருகிறவர்களும் கேட்கிற கேள்விகளில் ஒன்று, தங்கத்துக்கு அடுத்தபடியாக, இதுதான்: "மாமா, எத்தனை பாட்டில் கொண்டு வரலாம்?" வாணிபத்தில் நாற்பது ஆண்டு சுங்கத் தாள்களோடு மல்லுக்கட்டியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, "நீங்க சமணர் ஆச்சே, இதப் போயி உங்ககிட்ட கேக்குறோமே" என்று நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

கேட்பதில் தவறில்லை. எங்கள் இல்லறத்தார் விலக்க வேண்டிய மூன்றில் கள் ஒன்று. ஊனும் தேனும் மற்ற இரண்டு. இதை அருங்கலச்செப்பு படித்த எந்தச் சிறுவனும் சொல்வான். ஆனால் இந்தக் கட்டுரை கள்ளுண்ணாமையைப் பற்றியது அன்று; கள்ளாமையைப் பற்றியது. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கள்ளாமை விரதத்துக்கு நேரும் ஐந்து மீறல்களை எண்ணிச் சொல்கிறார். திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அளவையில் கூட்டிக் குறைப்பது, போலிச் சரக்கைக் கலப்பது ஆகிய நான்கும் யாருக்கும் எளிதில் விளங்கும். இவற்றோடு 'விருத்த ராஜ்யாதிக்கிரமம்' என்று ஒன்று வருகிறது. நாட்டின் ஒழுங்குக்கு மாறாகச் சரக்கைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் என்று அதற்குப் பொருள் கொள்வர். சுங்கத்தை ஏய்ப்பது திருட்டின் வகை என்று வணிகச் சமயம் ஒன்று அத்தனை காலத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பது குடிப்பவர் பாடு. அது எந்த வழியாக, எந்த அளவில், எந்தச் சொல்லோடு உள்ளே வருகிறது என்பதைப் பற்றி நான் எழுதலாம்.

முதலில் விதியை நேராகப் பார்ப்போம். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் பயணிகளின் பெட்டிகளுக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. 77 முதல் 81 வரையிலான பிரிவுகள். அதன்கீழ் அவ்வப்போது பயணச் சுமை விதிகள் வெளியாகின்றன. 2016 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதிகளில் வெளிநாட்டிலிருந்து வரும் பயணி தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய மது அல்லது ஒயின் 2 லிட்டர் என்று வரம்பு கட்டப்பட்டது. பொதுப் பொருள்களுக்கான ரூபாய்க் கணக்கு 2014இல் 35,000இலிருந்து 45,000 ஆயிற்று, 2016இல் 50,000 ஆயிற்று. அது காலத்துக்கேற்ப ஏறுகிற கணக்கு. லிட்டர் கணக்கு அப்படி ஏறுவதில்லை. சிகரெட்டுக்கோ நேர்மாறாக 2014இல் 200 என்றிருந்தது 100 ஆகக் குறைந்தது. மதுவையும் ஒரே பாட்டிலாகக் குறைக்கலாம் என்று வணிக அமைச்சகம் யோசனை சொன்னதாக 2020 சனவரியில் பத்திரிகைகள் எழுதின. அது நடக்கவில்லை.

இரண்டு லிட்டர் என்றால் இரண்டு பாட்டில் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விமான நிலையக் கடைகளில் விற்கும் பாட்டில் பெரும்பாலும் ஒரு லிட்டர். அதில் இரண்டு வாங்கினால் கணக்கு நேராகிவிடும். ஐரோப்பாவில் ஒரு பாட்டில் 700 மில்லி. மூன்று வாங்கினால் 2,100 மில்லி, அதாவது நூறு மில்லி அதிகம். நம் ஊர் 750 மில்லியில் இரண்டு போட்டால் ஒன்றரை லிட்டர்தான். சாராய வகைக்கு இரண்டு, ஒயினுக்கு இரண்டு என்று தனித்தனிக் கணக்கும் கிடையாது. எல்லாம் சேர்ந்துதான் இரண்டு. தில்லியில் இறங்கிய பிறகு, பெட்டிக்காகக் காத்திருக்கும்போது, வருகைப் பகுதியிலேயே ஒரு வரியில்லாக் கடை கண்ணைப் பறிக்கும். அங்கே வாங்குவதும் அதே இரண்டு லிட்டருக்குள்தான் அடங்க வேண்டும். துபாயில் இரண்டு, தில்லியில் இரண்டு என்று கொண்டாந்தா நாலு.

இன்னொரு நுட்பம் உண்டு. இரண்டு லிட்டர் வரை மது தடைப் பட்டியலில் இல்லை என்பதுதான் விதியின் பொருள். அதன் விலை பொதுச் சலுகைத் தொகைக்குள் சேர்த்தே எண்ணப்படும். விலையுயர்ந்த ஒரே ஒரு பாட்டில் அந்தத் தொகையைத் தாண்டினால், அளவு ஒரு லிட்டராக இருந்தாலும் தாண்டிய மதிப்புக்குத் தீர்வை உண்டு.

குடும்பமாக வருகிறவர்கள் செய்கிற தவறு வேறு வகை. ஒருவர் சலுகையை மற்றவர் சலுகையோடு கூட்டிக்கொள்ள முடியாது. கணவர் பெட்டியில் மூன்று, மனைவி பெட்டியில் ஒன்று, "ஆக மொத்தம் நாலு, ஆளுக்கு ரெண்டுதானே சார்" என்றால் அதிகாரி ஒப்ப வேண்டியதில்லை. கைக்குழந்தையின் கடவுச்சீட்டைக் காட்டி ஒரு பங்கு கேட்டவர்களும் இருக்கிறார்கள்! இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது உபயோகித்த துணிமணிதான் சலுகை.

அளவுக்கு மேல் இருந்தால் குற்றமா? இல்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மிகுதி இருப்பது குற்றமன்று; மறைப்பதே குற்றம். 77ஆம் பிரிவு கேட்பது உண்மையான அறிவிப்பு ஒன்றை மட்டுமே. சிவப்பு வழியில் போய், இவ்வளவு இருக்கிறது என்று சொல்லித் தீர்வையைக் கட்டிவிட்டால் தலை நிமிர்ந்து வெளியே வரலாம். தீர்வை சாதாரணப் பொருள்களுக்குரிய வீதத்தில் இராது, மதுவுக்கே உரிய உயர்ந்த வீதத்தில் இருக்கும். வணிகர் இறக்குமதி செய்யும் விஸ்கி வகைக்கே நெடுங்காலம் 150 சதவீதம் இருந்தது. 2021 பட்ஜெட்டில் அதை 50 சதவீதச் சுங்கம், 100 சதவீத வேளாண் உள்கட்டமைப்புத் தீர்வை என்று இரண்டாகப் பிரித்தார்கள். கூட்டினால் அதே 150. ஆகவே கூடுதல் பாட்டிலால் லாபம் என்பது கணக்குத் தெரியாதவர் பேச்சு. அறிவிக்காமல் பச்சை வழியில் நடந்து பிடிபட்டாலோ 111ஆம் பிரிவின்படி பறிமுதல், 112ஆம் பிரிவின்படி அபராதம் என்று விஷயம் வேறு பாதையில் போய்விடும்.

சுங்கம் நமக்குப் புதிதன்று. திருக்குறள் அரசனின் பொருள்வழிகளில் ஒன்றாக 'உல்கு' என்ற சொல்லை ஆள்கிறது. உல்கு என்பது சுங்கமே. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலையில் சரக்குப் பொதிகளுக்குச் சோழரின் புலி இலச்சினை பொறித்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. யவனர் கொணர்ந்த மது பாண்டியன் அவையில் பரிமாறப்பட்டதைப் புறநானூறு சொல்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளில் செய்யப்பட்ட இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மது அடைத்து அனுப்பப் பயன்பட்ட சாடிகள் அவை. மறுமுனையில், வியன்னாவில் இருக்கும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு முசிறிப் பாப்பிரஸ் தாள், நம் கரையிலிருந்து போன சரக்குக்கு உரோமர் நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாக வாங்கியதற்குச் சான்று கூறுகிறது. இருபத்தைந்து சதவீதம்! அக்காலத்துக்கும் இக்காலத்துக்கும் ஒரு வேறுபாட்டை மட்டும் குறிக்கலாம். அன்று துறைமுகமும் ஊரும் ஒரே அரசன் கையில் இருந்தன. உல்கு கட்டிய பொருள் அந்த மண்ணில் தடையின்றி நடமாடியது. இன்று அப்படி இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நம் அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மத்தியப் பட்டியலில் 41ஆவது இனம் சுங்க எல்லை கடந்த ஏற்றுமதி இறக்குமதி. 83ஆவது சுங்கத் தீர்வை. மாநிலப் பட்டியலில் 8ஆவது இனம் மது: அதன் உற்பத்தி, வைத்திருத்தல், எடுத்துச் செல்லுதல், வாங்குதல், விற்றல் அனைத்தும். ஒரே பாட்டிலுக்கு இரண்டு எசமானர்கள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி "போங்க" என்று கை காட்டுவது மத்திய அரசின் சார்பில் மட்டுமே. அவர் தீர்வையை விலக்கினார். அந்தப் பாட்டிலை நீங்கள் வீட்டில் வைத்திருக்கலாம், காரில் கொண்டு போகலாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லும் அதிகாரமும் அவருக்கு இல்லை.

இது என் ஊகமன்று. 1951 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று, பம்பாய் மாநிலத்துக்கும் எஃப்.என்.பல்சாரா என்பவருக்கும் இடையே நடந்தது. பம்பாயில் 1949இல் மதுவிலக்குச் சட்டம் வந்தது. விஸ்கி, பிராந்தி, ஒயின், பீர், ஓடிகோலன் ஆகியவற்றை வைத்திருக்கவும் பயன்படுத்தவும், சுங்க எல்லை வழியாகக் கொண்டுவரவும் தமக்கு உரிமை வேண்டும் என்று பல்சாரா வழக்காடினார். இறக்குமதி மத்திய அரசின் துறை, அப்படியிருக்க இறக்குமதியான பொருளை வைத்திருக்கக் கூடாது என்று மாநிலம் எப்படிச் சொல்லலாம் என்பது வாதங்களில் ஒன்று. நல்ல வாதந்தான், நாமும் அப்படித்தானே நினைக்கிறோம்! அப்போது 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் பட்டியல்களை வைத்து நீதிபதி ஃபசல் அலி எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. இறக்குமதி என்பது எல்லையைக் கடந்து உள்ளே கொண்டுவருவதோடு முடிகிறது. பிறகு அதை வைத்திருப்பதும் விற்பதும் அந்தச் சொல்லுக்குள் வராது. அவை மாநிலத்தின் அதிகாரம் என்று முடிவாயிற்று. மருந்துகளையும் வாசனைப் பொருள்களையும் தடுத்த பகுதிகளை நீதிமன்றம் நீக்கியது; குடிக்கும் மதுவைத் தடுத்தது நின்றது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் விமானப் பயணிகளில் நூற்றுக்கு ஒருவராவது இந்த வழக்கை அறிந்திருப்பாரா என்பது ஐயமே.

இப்போது நம் தில்லிக்கு வருவோம். இங்கே 2009ஆம் ஆண்டுக் கலால் சட்டமும் 2010ஆம் ஆண்டு விதிகளும் வகுத்துள்ளபடி, 25 வயது நிறைந்த ஒருவர் விஸ்கி, ரம், ஜின், வோட்கா வகையில் 9 லிட்டரும், பீர், ஒயின் வகையில் 18 லிட்டரும் வைத்திருக்கலாம். 2022இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. ஒரு வீட்டில் 132 பாட்டில்கள் பிடிபட்டன. கூட்டுக் குடும்பம், 25 வயதுக்கு மேற்பட்டவர் ஆறு பேர். ஆறு ஒன்பது ஐம்பத்து நாலு என்று பெருக்கிப் பார்த்து, வரம்புக்குள்தான் இருக்கிறது என்று நீதிமன்றம் வழக்கையே தள்ளிவிட்டது. ஆகத் தில்லிக்காரருக்கு விமான நிலையத்து இரண்டு லிட்டரால் வீட்டில் தொல்லை வர வாய்ப்பில்லை. கவனிக்க வேண்டியது 25 என்ற எண்ணைத்தான். சிங்கப்பூரில் படித்துவிட்டு 22 வயதில் திரும்பும் பிள்ளை அங்கே சட்டப்படி வாங்கிக் குடித்திருப்பான், அங்கே 18 போதும். தமிழ்நாட்டில் 21. தில்லியில் அவன் இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டியவன். அப்பாவின் பெயரைச் சொல்லி அவன் கையில் பாட்டிலைக் கொடுத்தனுப்புவது வேண்டாத வேலை.

மெட்ரோவைப் பற்றியும் கேட்கிறார்கள். மூன்றாம் முனையத்திலிருந்து விமான நிலைய விரைவுத் தடத்தில் தவுலா குவான் வந்து, மேல்நடைபாதை வழியாகத் துர்காபாய் தேஷ்முக் தெற்கு வளாகம் நிலையத்தில் ஏறினால் அடுத்த நிலையம் நம் மோதி பாக். (பெயர்ப்பலகையில் சர் விஸ்வேஸ்வரய்யாவும் கூட இருக்கிறார், தென்னாட்டவர் ஒருவர் பெயரைத் தில்லிப் பெண்கள் ஒலிபெருக்கியில் சொல்லக் கேட்பது எனக்கு இன்றும் ஒரு சிறு மகிழ்ச்சி.) விமான நிலையத் தடத்தைப் போலவே மற்றத் தடங்களிலும் ஆளுக்கு முத்திரை உடையாத இரண்டு பாட்டில் கொண்டு போகலாம் என்று 2023 சூன் இறுதியில் மெட்ரோ நிர்வாகம் அறிவித்தது. ஆனால் குருகிராமத்திலோ நொய்டாவிலோ வாங்கி வருவது வேறு கதை. அண்டை மாநிலத்துச் சரக்கு என்றால் விஸ்கி, ரம் வகையில் ஒரு பாட்டில்தான் என்று கலால் தரப்பில் அப்போதே சொன்னார்கள். மெட்ரோவின் அனுமதி மெட்ரோவுக்குள் மட்டும். சுங்கத்துக்கு நான் சொன்ன அதே கதைதான்.

தில்லியோடு பயணம் முடியாதவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். குஜராத்தில் அந்த மாநிலம் பிறந்த 1960 முதலே மதுவிலக்கு. பல்சாரா வழக்கில் நின்ற அதே பம்பாய்ச் சட்டம் அங்கே இன்றும் வேறு பெயரில் வாழ்கிறது. பீகாரில் 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு. நாகாலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டம். தோகாவிலிருந்து தில்லியில் இறங்கி, பச்சை வழியில் முறையாகவே வெளிவந்து, உள்நாட்டு விமானம் மாறிப் பாட்னாவிலோ அகமதாபாத்திலோ இறங்குகிறவர் கையில் அந்த இரண்டு லிட்டர் இருந்தால், சுங்கக் கடையின் ரசீது அவரைக் காப்பாற்றாது. குஜராத்தில் வெளியூராருக்கு அனுமதிச் சீட்டு முறை உண்டு. அதை வாங்கிக்கொண்டுதான் தொட வேண்டும். பீகாரில் கருணையை எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழ்நாட்டைப் பற்றி நம்மவர்களுக்கே ஒரு மயக்கம் உண்டு. தெருவுக்குத் தெரு டாஸ்மாக் இருக்கும் மாநிலத்தில் என்ன கட்டுப்பாடு என்று எண்ணுவோம். ஆனால் அங்கே நடப்பிலுள்ள சட்டத்தின் பெயரே மதுவிலக்குச் சட்டம், 1937. இராஜாஜி அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலத்தில் தொடங்கியது அது. 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. இத்தனைக்குப் பிறகும் சட்டத்தின் எலும்புக்கூடு மாறவில்லை. தடை என்பதே அங்கு பொது. அனுமதி என்பதே விலக்கு. புதுச்சேரியிலிருந்து வருகிறவர்களைச் சோதனைச்சாவடியில் நிறுத்துவது இந்தச் சட்டத்தின் பலத்தில்தான். வணிகர்களுக்கு ஒரு செய்தி: மதுவிலக்கால் போன வருவாயை ஈடுகட்ட இராஜாஜி 1939இல் கொண்டுவந்ததே சென்னை மாகாண விற்பனை வரி. நாம் கட்டும் ஜி.எஸ்.டி.க்கு அது பாட்டி முறை. 2017இல் வந்த பேத்தியோ குடிக்கிற மதுவைத் தொடவே இல்லை. அதை மாநிலங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

போகிற பக்கத்துக்கும் சில சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் கையில் சம்பந்தி வீட்டுக்கென்று ஒரு பாட்டிலைத் திணிப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. சிங்கப்பூர் 2019 ஏப்ரலில் தன் வரம்பை மூன்று லிட்டரிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அதிலும் சாராய வகை ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. மீதி ஒயினோ பீரோ. 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வருகிறவருக்கு அந்தச் சலுகையே இல்லை. அமெரிக்காவில் பொதுவாக ஒரு லிட்டர், வயது 21. ஆஸ்திரேலியாவில் 2.25 லிட்டர். பிரிட்டனில் 2021 சனவரி முதல் 4 லிட்டர் சாராய வகை, அதற்கு மேல் 18 லிட்டர் ஒயின் என்று தாராளம். குவைத்துக்கும் சவுதிக்கும் ஒரு சொட்டும் கொண்டுபோகக் கூடாது. அங்கே வேலைக்குப் போகும் நம் பையன்களிடம் யாராவது பொட்டலம் கட்டிக் கொடுத்தால், அவிழ்த்துப் பார்க்காமல் வாங்காதே என்று சொல்லி அனுப்புங்கள். பெட்டி யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே. "ஃப்ரெண்டு கொடுத்தாரு" என்ற பதில் எந்த நாட்டிலும் எடுபடாது.

விமானத்துக்குள்ளும் ஒரு கணக்கு உண்டு. நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் சாராயம் உள்ள பானத்தை விமானத்தில் ஏற்றவே முடியாது, தீப்பிடிக்கும் பொருள். 24க்கும் 70க்கும் இடைப்பட்டது, கடை முத்திரையோடு, ஆளுக்கு 5 லிட்டர் வரை. 2006 ஆகஸ்டில் இலண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி வெளிப்பட்ட பிறகு கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாதென்று ஆனது. வரியில்லாக் கடையில் வாங்கியதை அவர்கள் ஒட்டிக் கொடுக்கும் முத்திரைப் பையிலேயே, ரசீது வெளியே தெரிய, பிரிக்காமல் வைத்திருந்தால்தான் இடை நிலையத்தில் விடுவார்கள். ஆசையாகப் பிரித்துப் பார்த்தவர்கள் பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். தில்லியில் இறங்கிச் சென்னை விமானத்துக்கு மாறுகிறவர்கள் பெட்டியை மறுபடி ஒப்படைக்கும் முன் பாட்டிலை அதற்குள் துணி சுற்றி வைத்துவிடுவது நல்லது.

மாலத்தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் தெரியாமல் எடுத்துப் போன பாட்டிலை அங்குள்ள சுங்கத்தார் வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போது கொடுத்துவிடுகிறார்கள். இப்படி ஒரு வழி நம் சட்டத்திலும் இருக்கிறது. ஏனோ யாரும் பயன்படுத்துவதில்லை. வெளிநாட்டில் குடியிருக்கும் நம் பிள்ளை மூன்று வார விடுமுறைக்கு வருகிறான், கையில் அளவுக்கு மேல் இருக்கிறது, அந்த வீதத்தில் தீர்வை கட்ட மனமில்லை என்றால், முதலில் சிவப்பு வழியில் உண்மையை அறிவிக்க வேண்டும். பிறகு 80ஆம் பிரிவின்படி, நாட்டை விட்டுப் போகும்போது திருப்பித் தருமாறு கேட்டு அந்தப் பொருளைச் சுங்கத்திடமே விட்டுவைக்கலாம். அறிவித்தவருக்கே அந்த வசதி. கொடுக்கும் ரசீதைக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொண்டு, திரும்பும் நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும்.